சாலைக்குத்தான் லைசென்ஸ்

ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று போனில் நீ கொட்டித் தீர்த்தது இன்னும் காதிலேயே நிற்கிறது. விசா நீட்டிப்பு வந்து சேரவில்லை, அதனால் உன் லைசென்ஸ் காலாவதி. டல்லாஸ் வெயிலில் நண்பனின் காருக்காகக் காத்து நின்று வேலைக்குப் போகிறாய். "முறைப்படி வந்த எனக்கு இந்தக் கதி, உங்கள் கலிபோர்னியாவில் விசாவே இல்லாதவனுக்கு லைசென்ஸா?" என்று கேட்டாய். உன் கோபம் நியாயமானது. ஆனால் தப்பான ஆள் மேல் பாய்கிறது.

2012-இல் சான் ஓசேயில் சிக்னலில் நின்றிருந்தேன். பின்னால் ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து இடித்தது. ஓட்டி வந்தவர் தோட்ட வேலைக்காரர். வண்டி நிறையப் புல்வெட்டும் இயந்திரங்கள். சட்டைப்பையிலிருந்து கசங்கிய இருபது டாலர் நோட்டுகளை எடுத்து நீட்டினார். கை நடுங்கியது. "போலீஸ் மட்டும் வேண்டாம், சார்" என்றார். விசா இல்லாததால் அவருக்கு லைசென்ஸும் இல்லை. அப்படிச் சிக்கினால் வண்டியை 30 நாள் பிடித்து வைத்துவிடலாம். வண்டி போனால் பிழைப்பே போய்விடும். அவர் ஓடாமல் நின்றது அவருடைய நல்ல மனசு. நிற்பதற்குச் சட்டம் அவருக்கு ஒரு காரணமும் கொடுத்திருக்கவில்லை.

1993-இல் இங்கே ஒரு சட்டம் போட்டார்கள்: சட்டப்படி தங்கியிருப்பதற்கு ஆதாரம் காட்டினால்தான் லைசென்ஸ். அதற்காக யாரும் வேலைக்குப் போகாமல் இருந்துவிடவில்லை. பரீட்சையும் இன்சூரன்சும் இல்லாமல் ஓட்டினார்கள், அவ்வளவுதான். 2013-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதை மாற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2015 ஜனவரி முதல் அமல். முதல் வருடமே 6 லட்சம் பேருக்கு மேல் வரிசையில் நின்று, பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினார்கள். மொத்த விபத்துகள் அதனால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் இடித்துவிட்டு ஓடிப்போகும் விபத்துகள் அந்த ஆண்டு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்ததாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். அடிபட்டுக் கிடப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பார்.

சட்டத்தை மீறியவனுக்குப் பரிசா என்கிறாய். அந்த அட்டையால் ஓட்டுப் போட முடியாது, வேலை செய்யும் உரிமை வராது, விமானம் ஏற முடியாது. அவர் இந்த நாட்டில் இருக்கலாமா என்பதை வாஷிங்டன் தீர்க்கட்டும். ஸ்டாப் போர்டு பார்த்தால் நிற்பாரா என்பது மட்டும்தான் லைசென்ஸ் ஆபீஸ் கேட்க வேண்டிய கேள்வி.

உன் கதையும் அதுதான், மருமகனே. போன மாதம் வரை நன்றாக ஓட்டிய நீ, ஒரு காகிதம் வரத் தாமதமானதும் ஓட்டத் தெரியாதவன் ஆகிவிட்டாயா? ஓட்டும் திறமையை விசாவோடு முடிச்சுப் போட்டதுதான் கோளாறு. அந்தத் தோட்ட வேலைக்காரரை வருத்திய முடிச்சேதான் இன்று உன்னையும் வருத்துகிறது. அது அவிழ வேண்டுமென்று கேள், உனக்கும் சேர்த்துக் கேள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். புது லைசென்ஸ் கைக்கு வரும்வரை, பால் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போவதானாலும், ஸ்டியரிங்கைத் தொடாதே. நடந்து போ. பஸ் வராத சாலையில் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, இப்படியே வருடக்கணக்கில் நடப்பவர்களையும் நினைத்துக்கொள்.

அன்புடன்,
மாமா