செயலி மட்டும் போதுமா?

கேள்வி: செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்காக ஒரு செயலி தயாரித்துவருகிறேன். இணையதளமே இல்லாமல் செயலியை மட்டும் வைத்து ஜெயிக்க முடியுமா?
– வாசகர், செஞ்சி

பதில்: சிலரால் முடிந்திருக்கிறது. வாட்ஸ்அப் 2009-இல் தொடங்கியது. அதைக் கணினியில் திறக்கும் வசதி 2015-இல்தான் வந்தது. இன்ஸ்டாகிராமும் 2010-இல் வெறும் செயலியாகத்தான் பிறந்தது. ஆனால் அவை நாள் முழுக்கத் திறந்து பார்க்கிறவை. நண்பர் சொன்னாலே இறக்கிக்கொள்வோம்.

கடை விஷயம் வேறு. மிந்த்ரா 2015 மே மாதம் இணையதளத்தை மூடி, செயலிக்கு வந்தால்தான் வியாபாரம் என்றது. மறு ஆண்டே தளத்தைத் திரும்பத் திறந்தது.

உங்களிடம் வரப்போகிறவர் யார்? திண்டிவனத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, ‘ராஜகிரி ஏற எவ்வளவு நேரமாகும்’ என்று கூகுளில் தட்டுகிறவர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்துவிட்டதால், ஊர் தெரியாதவர்களும் தேடுவார்கள். ஒரு நாள் பயணத்துக்காக முன்பின் தெரியாத செயலியை இறக்க அவர்களுக்கு மனம் வராது. எனவே முதலில் ஒரு எளிய பக்கம் போடுங்கள்: நுழைவு நேரம், கட்டணம், குடிநீர் கிடைக்கும் இடம், முதியவர்கள் எதுவரை ஏறலாம். சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கும் வரைபடம், கல்யாண மஹால் முன் நின்று கேட்கும் விளக்கம் இவற்றுக்குச் செயலிதான் சரி.

இன்னொன்று: தனியுரிமைக் கொள்கைக்கு ஓர் இணைய முகவரியைக் கூகுள் பிளே எப்படியும் கேட்கும்.