மீடியம் வேவில் தூரத்து நிலையம் பிடிக்க: செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

பகலில் சென்னை 720, திருச்சி 936 என்று நாலைந்து உள்ளூர் நிலையங்களோடு நின்றுவிடும் அதே ரேடியோவில், இரவு ஏறியதும் தாய்லாந்தும் சீனாவும் இரானும் ஒன்றன்மேல் ஒன்று வந்து ஏறிக்கொள்ளும். சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் டி அடுக்கு பகலெல்லாம் மீடியம் வேவை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அது கலைந்துபோக, அதற்கு மேலே உள்ள அடுக்குகள் அலையைத் திருப்பித் தரைக்கு அனுப்புகின்றன. அப்படி வருவதைத் தேடிப் பிடிப்பதுதான் டி.எக்ஸிங். புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “எவ்வளவு நீளத்துக்குக் கம்பி கட்டணும்?” ஆனால் மீடியம் வேவில் சிக்னலுக்குப் பஞ்சமே கிடையாது. அதை மூழ்கடிக்கும் இரைச்சலைப் பற்றிக் கேட்பவர்கள்தான் குறைவு. அதனால் கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் இரைச்சல் விவகாரம்தான்.

செய்ய வேண்டியவை

ரேடியோ எத்தனை எத்தனையாகத் தாவுகிறது என்று பாருங்கள். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா மூன்றிலும் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 531 முதல் 1602 வரை நிற்கின்றன. எல்லாமே ஒன்பதால் வகுபடும் எண்கள். அமெரிக்காவில் இடைவெளி 10. வெளிநாட்டிலிருந்து வந்த டிஜிட்டல் ரேடியோ 10இல் தாவிக்கொண்டிருந்தால் 720 கிடைக்கும், 936 கிடைக்காது. “ரேடியோ சரியில்லை” என்று மூலையில் கிடப்பவற்றில் சில இந்த ரகம்.

மெயினை அணைத்துக் கேளுங்கள். பேட்டரி ரேடியோவில் நிலையம் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை வைத்துவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் திருடன் வீட்டுக்குள்தான் இருக்கிறான். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எல்.இ.டி. பல்பு, பி.எல்.டி.சி. ஃபேன், செட்டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டரின் அடாப்டர், எதுவும் மாட்டாமலே பிளக்கில் தொங்கும் செல்போன் சார்ஜர் என்று வரிசையாக மாட்டும். கரண்ட் போனால் தெருவே புலம்பும்போது டி.எக்ஸர் மட்டும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவார். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் உறுமத் தொடங்கும்வரை அவர் ராஜ்ஜியம்தான்.

எல்லா இரைச்சலும் வீட்டிலிருந்து வருவதில்லை. ஆகாசவாணியின் பல மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் டி.ஆர்.எம். டிஜிட்டல் ஒலிபரப்பும் செய்கின்றன. சாதாரண ரேடியோவில் அது அகலமான ‘ஸ்ஸ்ஸ்’ என்றுதான் கேட்கும். அதற்காக வீட்டு ஃபேனைக் கழற்ற வேண்டியதில்லை.

ரேடியோவையே திருப்புங்கள். பெட்டிக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் ராடுதான் மீடியம் வேவுக்கு ஆன்டெனா. வெளியே இழுத்து நீட்டும் குச்சிக்கு இதில் வேலை இல்லை. ராடின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் சிக்னல் ஓங்கும், முனை பார்த்தால் அமுங்கும். ஓங்கும் திசை அகலம். அமுங்கும் திசையோ ஊசிமுனை போலக் குறுகல். ஆகவே வேண்டியதை ஓங்கவைப்பதைவிட வேண்டாததை அமுக்குவதில்தான் பலன் அதிகம். புத்தளத்திலிருந்து 882இல் ட்ரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ பலமாக வரும். சென்னையிலிருந்து புத்தளம் ஏறக்குறைய நேர் தெற்கு. ரேடியோவின் நீளப் பக்கத்தை வடக்கு தெற்காக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். முழுக்க ஒழியாது. ஆனால் அதன் அடியில் கிடக்கும் இன்னொரு நிலையம் தலைகாட்டும்.

லூப் ஒன்று கட்டுங்கள். ஒரு மீட்டர் பக்கமுள்ள மரச்சட்டம், அதில் எட்டு அல்லது ஒன்பது சுற்று ஒயர், பழைய வால்வு ரேடியோவில் இருந்து எடுத்த 500 பிகோஃபாரட் கேங் கண்டன்சர். அவ்வளவுதான். சென்னை ரிச்சி தெருவிலோ காயலான் கடையிலோ தேடினால் கேங் இன்னும் அகப்படுகிறது. லூப்பையும் ரேடியோவையும் ஒயரால் இணைக்க வேண்டாம். ராடு சட்டத்துக்குக் குறுக்காக இருக்கும்படி ரேடியோவை அருகில் வைத்து, கேங்கை மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் மட்டும் முணுமுணுப்பு திடீரென்று குரலாகிவிடும். மயிரிழை தாண்டினால் மறுபடி முணுமுணுப்பு. அந்த இடம் ஒவ்வொரு நிலையத்துக்கும் மாறும், ஒவ்வொரு முறையும் திருப்பித்தான் ஆக வேண்டும். கையால் செய்த ஆன்டெனாக்களில் காசுக்கு இவ்வளவு நியாயம் செய்வது வேறில்லை என்பது என் கட்சி.

ஃபீட்லைனைச் சந்தேகியுங்கள். வெளியே ஆன்டெனா வைத்தவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். ஆன்டெனா மாடியில், இரைச்சல் கீழே வீட்டில், நடுவில் கோஆக்ஸ் கேபிள். அதன் உறை இரைச்சலைத் தடுத்துவிடும் என்று நம்புகிறோம். சிக்னல் ஓடுவது நடுக்கம்பியிலும் உறையின் உட்புறத்திலும். உறையின் வெளிப்புறம் இன்னொரு தனிக் கம்பி மாதிரி நடந்துகொண்டு, ரூட்டரும் சார்ஜரும் கக்குவதை வாங்கி மேலே கொண்டுபோய், ஆன்டெனா முனையில் உள்ளே விட்டுவிடும். சுத்தமான காற்றுக்காக மாடியில் வைத்த ஆன்டெனாவுக்கு அடுப்படிப் புகை குழாய்வழி போய்ச் சேருகிறது.

சோதிப்பது எளிது. மாடியில் ஆன்டெனா ஒயரை மட்டும் கழற்றிவிட்டு, கேபிளை ரேடியோவில் மாட்டியபடியே வைத்துக் கேளுங்கள். அப்போதும் கேட்கிற இரைச்சலும் நிலையமும் கேபிள் வழியாக வருபவை. நியாயமாக ரேடியோ கிட்டத்தட்ட ஊமையாக வேண்டும். ஆகவில்லை என்றால் முதல் மருந்து, ஆன்டெனா முனையில் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர்: நீள ஒயருக்கும், பின்னால் வரும் பெவரேஜ் வகைக்கும் மின்மறுப்பு விகிதம் ஒன்பதுக்கு ஒன்று. முக்கியமானது, இரண்டு சுற்றுகளும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டாவது, கேபிளை ஒரு பெரிய ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை சுற்றுவது. கம்ப்யூட்டர் ஒயரில் வருவது போன்ற கிளிப் மணியில் ஒரே ஒரு முறை நுழைத்து எடுத்தால் 1 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மூன்றாவது, ஆன்டெனா பக்கத்துக்கு மண்ணில் தனி எர்த் ராடு.

கடிகாரத்தைப் பார்த்துக் கேளுங்கள். நிலையங்கள் பெயர் சொல்வது பெரும்பாலும் மணி திரும்பும்போது. நம் நேரத்தில் ஓர் அரை மணி ஒட்டியிருப்பதால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீனாவிலும் தாய்லாந்திலும் மணி திரும்புவது நமக்கு அரை மணிக்கு. மியான்மருக்கும் இரானுக்கும் நம்மோடு சேர்ந்தே திரும்பும். நேபாளத்தில் புது மணி பிறக்கும்போது நமக்கு முக்கால். மொழி பிடிபடாத நிலையத்தில் ‘பீப்’ எப்போது அடிக்கிறது என்பதே பாதி விலாசம். மாலையில் கிழக்கு முதலில் இருளும், அதிகாலையில் மேற்கு கடைசியாக வெளுக்கும்; காதை அந்தந்தப் பக்கம் வையுங்கள்.

செய்யக் கூடாதவை

ஈ.பி. கம்பத்தின் பக்கமே போகாதீர்கள். மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஆன்டெனா ஒயரை இழுக்காதீர்கள். பம்ப்செட்டுக்குப் போகும் லைனும் இதில் சேர்த்தி. ஒயர் அறுந்து விழுந்தால் எங்கே விழும் என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

இடி இடிக்கும்போது ஆன்டெனாவை மாட்டி வைக்காதீர்கள். ரேடியோவில் ‘சடசட’வென்று வெடிப்புச் சத்தம் அடர்ந்து வந்தால் வானம் முன்கூட்டியே சொல்கிறது என்று பொருள். கழற்றிய கேபிள் முனையை வீட்டுக்கு வெளியே விடுங்கள். சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசி மழையிலும் எப்படியும் கேட்க ஒன்றும் இருக்காது. மார்கழி, தை இரவுகள்தான் நமக்குத் தோது.

கைரேடியோவில் நீளக் கம்பியை நேராக மாட்டாதீர்கள். முப்பது மீட்டர் ஒயரைச் சின்ன ரேடியோவில் சொருகினால் உள்ளூர் நிலையம் டயல் முழுக்க முளைக்கும். இன்னொன்று: டி.வி. பூஸ்டர் மீடியம் வேவுக்கு ஆனதல்ல.

வீட்டு எர்த்தை ஆன்டெனா எர்த்தாக்காதீர்கள். அந்தப் பச்சை ஒயர் வீட்டிலுள்ள அத்தனை அடாப்டர்களின் அழுக்கையும் சுமந்துகொண்டிருக்கிறது.

விலையுயர்ந்த தடித்த கேபிளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். யு.எச்.எஃப்.பில் அது தேவை. இந்த அலைவரிசையில், மாடியிலிருந்து அறைக்கு வரும் தூரத்தில், இழப்பு பொருட்படுத்தும் அளவே இல்லை. கேபிள் டி.வி.க்கு இழுத்த ஆர்.ஜி. 6 தாராளமாகப் போதும். மாடியில் அனாதையாகக் கிடப்பதை எடுத்தால் முனையைச் சீவிப் பாருங்கள்: பின்னல் கறுத்தோ ஈரமாகவோ இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். கடலோரத்தில் உப்புக் காற்று இணைப்புகளைச் சீக்கிரமே தின்றுவிடும்.

மொட்டை மாடியில் பெவரேஜ் கட்ட நினைக்காதீர்கள். ஹெரால்டு பெவரேஜ் 1921இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்த ஆன்டெனா, தாழ்வாக ஓடும் நீளமான ஒற்றைக் கம்பி. ஓர் அலைநீளமாவது இருந்தால்தான் குணம் தெரியும். 1000 கிலோஹெர்ட்ஸில் அது 300 மீட்டர். பின்லாந்தின் வடகோடியில் இனாரி ஏரிப் பக்கம் ஆர்வலர்கள் ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கம்பி ஓட்டி, துருவ இருட்டில் அமெரிக்க ஊர் நிலையங்களைக் கேட்கிறார்கள். நம்மூரில் வயலும் வரப்பும் சொந்தமாக உள்ளவர்கள் முயலலாம். மற்றவர்களுக்கு லூப்பே கதி.

இணைய ரேடியோவில் கேட்டதைக் கணக்கில் எழுதாதீர்கள். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆர் போன்றவற்றைத் திருப்பிப் பார்ப்பது நல்ல பயிற்சிதான். ஆனால் அங்கே கேட்டது உங்கள் ஆன்டெனா அல்ல, அவர்களுடையது.

“நிகழ்ச்சி அருமை, கியூ.எஸ்.எல். அட்டை அனுப்பவும்” என்று மட்டும் நிலையத்துக்கு எழுதாதீர்கள். நாம் கேட்டதை உறுதிசெய்து நிலையம் தரும் அட்டை அது. குறைந்தது பதினைந்து இருபது நிமிடம் கேட்டு, எத்தனை மணிக்கு என்ன பாட்டு, யார் குரல், எங்கே மங்கியது என்று எழுத வேண்டும். இணையத்தில் உள்ள நிகழ்ச்சி நிரலைப் பார்த்து நிரப்பிய அறிக்கையை நிலையத்துப் பொறியாளர் முதல் வரியிலேயே கண்டுகொள்வார். நேரத்தை யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் தருவது வழக்கம்: நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் போதும். தேதிதான் பலரைக் கவிழ்க்கிறது. ஜனவரி 10 அதிகாலை 2 மணிக்குக் கேட்டது, யு.டி.சி.யில் ஜனவரி 9, 20:30. அதை ஜனவரி 10 என்றே எழுதி அனுப்பினால், அவர்கள் பதிவேட்டில் அந்த நேரத்துக்கு வேறு நிகழ்ச்சி இருக்கும், அட்டை வராது.