வெண்பஞ்சாய் வந்த வேற்றுப்பூச்சி

பஞ்சையும் நூலையும் நம்பி வாழும் திருப்பூர் வட்டாரத்தில் வெண்மை வளத்தின் நிறமாகும். ஆயின் 2008ஆம் ஆண்டிற்குப் பின் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் அவ்வெண்மையே உழவரை நடுங்க வைத்தது. பப்பாளி இலையிலும் மல்பெரிக் கொழுந்திலும் மரவள்ளித் தண்டிலும், வாசலில் நின்ற செம்பருத்தியிலும்கூடப் பஞ்சு ஒட்டினாற்போல் ஒன்று படிந்தது. அதுவே பப்பாளி மாவுப்பூச்சி.

இதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் ஆகும். 1955இலேயே அங்குச் சேகரிக்கப்பட்டும் 1992இல்தான் அறிவியற்பெயர் பெற்றது. இயற்கைப் பகைவர்கள் சூழ்ந்திருந்தமையால் தாய்மண்ணில் அது பெருந்தொல்லையாக எழவில்லை. அப்பகைவர் இல்லாத தீவுகளை அடைந்ததும் நிலைமை மாறிற்று. 1990களில் கரீபியத் தீவுகளிலும், பின்னர்ப் பசிபிக் பெருங்கடலின் குவாம், பலாவு, ஹவாய்த் தீவுகளிலும் பரவியது. 2008இல் இலங்கையில் காணப்பட்டது. அவ்வாண்டு சூலையில் கோயமுத்தூரிலும் கண்டறியப்பட்டது. திருப்பூர் அன்று கோவை மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

நம் உழவர் இதனைக் 'கள்ளிப்பூச்சி' என்றும் வழங்குவர். சப்பாத்திக்கள்ளியில் படிந்த வெண்பூச்சியின் நினைவு இப்பெயரில் உறைகிறது எனக் கருதலாம். சாயத்தொழில் அறிந்த நம் ஊரார்க்கு அவ்வரலாறு சுவை தரும். செஞ்சாயம் எடுக்கலாம் என்றெண்ணிக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1795இல் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைக் கொணர்ந்தனர். வந்ததோ நற்சாயம் தரும் இனமன்று. அது கள்ளியினம் ஒன்றை அழித்தது. 1926இல் இலங்கை வழியாக வந்த மற்றோரினம், தென்னாட்டில் மண்டிக்கிடந்த வேறொரு கள்ளியை ஒடுக்கியது. அன்று அயற்பூச்சி நன்மை செய்தது!

பப்பாளிப் பூச்சியோ சாற்றை உறிஞ்சி இலையைச் சுருட்டியது. அது கழிக்கும் தேன்போன்ற நீரின்மேல் கரும்பூசணம் படர்ந்தது. அந்நீரை விரும்பிய எறும்புகள் அதற்குக் காவல் நின்றன. பார்த்தீனியம் போன்ற களைகளும் புகலிடம் தந்தன. மெழுகுப் போர்வையால் மருந்து அதன் உடலை எளிதில் தீண்டவில்லை. உடுமலைப்பேட்டைப் பகுதிப் பட்டு உழவர்க்கு நேர்ந்த இடரே மிகக் கொடிது. நஞ்சு தெளித்த இலையைத் தின்னும் பட்டுப்புழு மாளும். தெளிக்காவிடில் இலையே இராது. அவர்கள் வேறென் செய்வர்?

விடை பூச்சியின் தாயகத்திலேயே இருந்தது. அதன் இயற்கைப் பகைவரான மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளை, அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன், 2010இல் புவேர்த்தோ ரிக்கோ தீவிலிருந்து பெங்களூர்த் தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம் வரவழைத்தது. தனிமைக்காப்பில் ஆய்ந்து பெருக்கிய பின், அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாட்டில் விடுவிக்கும் பணி தொடங்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பட்டு வளர்ச்சித் துறையினரும் அவற்றை உழவரிடம் சேர்த்தனர்.

மூன்றனுள் 'அசெரோஃபேகஸ் பப்பாயே' முதன்மை பெற்றது. கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் இக்குளவி மாவுப்பூச்சியின் இளம்பருவத்தினுள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே உண்ணும். பூச்சி உலர்ந்த கூடாகும். அக்கூட்டைத் துளைத்துப் புதுக்குளவி வெளியேறும். 2011இல் மல்பெரி மீண்டும் தழைத்தது. மருந்தடிப்பை நிறுத்திய தோட்டங்களில் குளவி நிலைத்தது. விடாமல் அடித்த இடங்களில் பூச்சிக்கு முன்பே குளவி மடிந்தது. இன்றும் பூச்சி ஆங்காங்கே தலைகாட்டுவதுண்டு. வெண்படலத்தினிடையே துளையுள்ள உலர்கூடுகள் தென்படின், அத்தோட்டத்தில் குளவி தன் பணியைத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.