கணனிப் பாடம்: பச்சைச் சரி விழுந்தும் பக்கம் வராதது ஏன்?



2024ஆம் ஆண்டு ஜனவரி 15, தைப்பொங்கல் தினம். அன்று மாலைப் பூசை ஒரு மணித்தியாலம் முற்படுத்தப்பட்டிருந்தது. அந்த அறிவித்தலைச் சங்கத்தின் இணையத்தளத்தில் இடும் பொறுப்பு அடியேனுடையது. சிட்னி நேரம் காலை 7 மணிக்கு எழுதி அனுப்பினேன். கிட்ஹப்பில் பச்சைச் சரி அடையாளம் விழுந்ததையும் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

பத்து மணிக்கு மூத்த உறுப்பினர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, நீர் போட்டதென்ற அறிவித்தலைக் காணேல்லையே?" மதியம் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி மறுபடி அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அறிவித்தல் வந்து நின்றது. ஆனால் காலையிலேயே தளத்தைப் பார்த்துவிட்டவர்கள் பழைய நேரத்தை நம்பியே வந்தார்கள். இரண்டு ரயில் மாறி வந்த ஓர் அம்மா தீபாராதனை முடிந்த பிறகே வாசலில் செருப்பைக் கழற்றினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடம்.

இது எப்படி நடந்தது என்பதே இன்றைய பாடம். தளத்தைப் பராமரிக்க முன்வரும் இளைஞர்கள் கவனமாக வாசிக்கவும்.

சில தளங்கள் கேட்கக் கேட்கத் தோசை சுடுவது போன்றவை. ஒவ்வொருவர் வரும்போதும் பக்கத்தை அப்போதே செய்து கொடுக்கும். நம்முடையது முதல் நாளே பலகாரம் சுட்டு அடுக்கி வைப்பது போன்றது. இதை நிலைத்த தளம் என்பார்கள். நாம் எழுதும் கோப்புகளை ஜெக்கில் என்னும் மென்பொருள் பக்கங்களாக மாற்றி வைக்கிறது. கோப்பு அனுப்பப்பட்டதும் கிட்ஹப்பின் கணனி ஒன்று இவ்வேலையைத் தானாகச் செய்யும். அதற்குப் பெயர் பில்ட். செலவு குறைவு, தளம் விரைவாகவும் திறக்கும். ஆனால் சுடாத பலகாரம் தட்டில் இராது.

அன்றைய கோப்பின் பெயரில் 2024-01-15 என்ற தேதி இருந்தது. நேரவலயம் எதையும் நாம் குறிப்பிட்டிருக்கவில்லை. கிட்ஹப்பின் கணனியோ உலகப் பொது நேரத்தில் ஓடுவது. கோடையில் சிட்னி அதற்கு 11 மணித்தியாலம் முந்தியது. நமக்கு 15ஆம் தேதி காலை 7 மணி என்றால் அங்கே 14ஆம் தேதி இரவு 8 மணி. எதிர்காலத் தேதியிட்ட பதிவை வெளியிடாமல் விடுவது ஜெக்கிலின் இயல்பு. விட்டுவிட்டது. அது பிழையே அல்லாததால் பச்சைச் சரியும் விழுந்தது. நமக்குக் காலை 11 மணியானபோது அங்கே 15ஆம் தேதி பிறந்தது. அதன்பின் நான் அனுப்பிய திருத்தம் புதிய பில்ட் ஒன்றை ஓட்டியது. அதனால்தான் அறிவித்தல் வந்தது. எழுத்துப் பிழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

பில்ட் பதிவேட்டைத் திறந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்திருக்கும். இந்தக் கோப்புக்கு எதிர்காலத் தேதி, ஆகவே தவிர்க்கிறேன் என்று ஒரு வரி அங்கே கிடந்தது. பச்சை அடையாளம் சொல்வது இயந்திரம் தன் வேலையை முடித்தது என்பதை மட்டுமே.

பச்சைக்குள் மறையும் பிழைகள் வேறும் உண்டு. கோப்பின் தலையில் தலைப்பு முதலிய விபரங்களை எழுதுகிறோம். அங்கே முக்காற்புள்ளிக்குத் தனிப் பொருள் உண்டு. "விசேட பூசை: நேர மாற்றம்" என்று மேற்கோட்குறி இல்லாமல் தலைப்பிட்டால் ஜெக்கில் குழம்பும். பதிவேட்டில் முறைப்பாட்டை எழுதிவிட்டு, அந்த விபரங்கள் சேராமலே பக்கத்தைச் செய்து வைத்துவிடும். தலைப்பை மேற்கோட்குறிக்குள் இட்டால் தீர்ந்தது. அத்துடன் அமைப்புக் கோப்பில் ஸ்ட்ரிக்ட், ஃபிரண்ட், மேட்டர் என்ற மூன்று சொற்களையும் அடிக்கோட்டால் இணைத்து, எதிரே ட்ரூ என்று எழுதுங்கள். பிறகு இத்தகைய பிழை வந்தால் பில்ட் நின்று சிவப்புக் காட்டும். பிள்ளை விழுந்தால் அழுவதே நல்லது, அழாவிட்டால்தான் பயம்.

படம் வராவிட்டால் கோப்பின் பெயரைப் பாருங்கள். சில கமெராக்கள் ஜே.பி.ஜி. என்ற விகுதியைப் பெரிய எழுத்தில் வைக்கும், நாம் சிறிய எழுத்தில் குறிப்பிடுவோம். வீட்டு விண்டோஸ் கணனிக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு அவை இரு வேறு கோப்புகள். "என் வீட்டில் தெரிகிறதே" என்ற வாதம் இங்கே எடுபடாது.

சிவப்புக் கண்டால் பயப்பட வேண்டாம். பதிவேட்டில் கடைசி வரியைப் பிடித்துத் தொங்காமல், மேலேறி முதற் பிழையைத் தேடுங்கள். கீழே உள்ளவை பெரும்பாலும் அதன் வால்கள். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, கோப்பிலும் மாற்றமில்லை என்றால், ரூபி மொழியின் பதிப்போ துணை மென்பொருளோ மாறியிருக்கும். பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு நிலைநிறுத்துங்கள்.

பொங்கலுக்குப் பின் நாங்கள் இரண்டு திருத்தம் செய்தோம். அமைப்புக் கோப்பில் நேரவலயம் ஆஸ்திரேலியா, சிட்னி என்று எழுதினோம். அடுத்து, முன்கூட்டியே தேதியிட்ட அறிவித்தல்கள் உரிய நாளில் வர, நாள்தோறும் ஒரு பில்ட் ஓடும்படி கட்டளையிட்டோம். அதன் நேரத்தை உலகப் பொது நேரப்படி 14:15 என வைத்தோம். கோடையில் அது சிட்னியில் பின்னிரவு 1:15, குளிர்காலத்தில் 12:15. எப்போதும் நள்ளிரவு தாண்டியே ஓடும். மணி தொடங்கும் வேளையில் கிட்ஹப்பில் நெரிசல் அதிகம், தாமதமாகும். அதனால்தான் 15 நிமிடம் தள்ளினோம்.

ஒன்று கவனிக்க. பொதுவில் திறந்த களஞ்சியத்தில் 60 நாள் எந்த மாற்றமும் நடவாவிட்டால், இந்த நாளாந்த பில்டைக் கிட்ஹப் தானாகவே நிறுத்திவிடும். திருவிழா முடிந்து அறிவித்தல் குறையும் மாதங்களில் இது நேரும். ஆகவே தளப் பொறுப்பாளர் மாதம் ஒரு முறை உள்ளே சென்று, நாளாந்த பில்ட் ஓடுகிறதா என்று பார்க்கவும். நின்றிருந்தால் அதே பக்கத்தில் மீண்டும் இயக்கும் பொத்தான் இருக்கும்.