ராடு சொன்னதும் மீட்டர் சொன்னதும்

அன்புள்ள கயல்,

உன் கணக்கைப் பார்த்தேன். வாளியில் 15 லிட்டர் தண்ணீர். 22 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏற 20 நிமிடம் ஆகியிருக்கிறது. ஹீட்டர் ராடில் 1500 வாட் என்று போட்டிருப்பதால், அதை 1200 விநாடியால் பெருக்கி 18 லட்சம் ஜூல் என்று எழுதியிருக்கிறாய். தண்ணீர் வாங்கிக்கொண்டதோ 15 × 4200 × 20, அதாவது 12.6 லட்சம்தான். மீதி 5.4 லட்சம் எங்கே போச்சு என்பது உன் கேள்வி.

பெருக்கலில் தப்பே இல்லை. ஆனால் அந்த மீதியில் பெரும்பங்கு உங்கள் வீட்டுக்கு வரவே இல்லை, கயல்.

ராடில் 1500 வாட்டுக்குப் பக்கத்திலேயே 230 வோல்ட் என்றும் இருக்குமே, அதை விட்டுவிட்டாய். அத்தனை வோல்ட் கிடைத்தால்தான் 1500 வாட். உங்கள் வீடோ டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசி வீடு. காலையில் ஊரே மோட்டார் போடுகிற நேரம் வேறு. தீபாவளிக்கு வந்தபோது மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 200 வோல்ட்தான் காட்டியது.

முதலில் ராடின் மின்தடையைக் கண்டுபிடி. 230 × 230 ÷ 1500 என்றால் 35.3 ஓம். உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பி; சூடேறினாலும் தடை அவ்வளவாக மாறாது. (குண்டு பல்பில் இதே கணக்கைப் போட்டுவிடாதே, அதன் இழை சூட்டில் தடையைப் பல மடங்கு ஏற்றிக்கொள்ளும்.) இனி 200 × 200 ÷ 35.3 போட்டால் 1133 வாட். வோல்டேஜ் எட்டில் ஒரு பங்கு குறைந்ததற்கு, திறன் கால் பங்கு போய்விட்டது. வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் கூடவே இறங்குகிறது; இரண்டையும் பெருக்கினால்தானே திறன்?

1133-ஐ 1200 விநாடியால் பெருக்கு. 13.6 லட்சம் ஜூல். தண்ணீர் எடுத்தது போக மிச்சம் ஒரு லட்சம். அது வாளிக்கும் ஆவிக்கும் காற்றுக்கும் போனது. அந்த அளவு நஷ்டம் நம்பும்படி இருக்கிறது.

மல்டிமீட்டர் இல்லாமலும் இதைச் சரிபார்க்கலாம். உங்கள் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதல்லவா? யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அப்படியானால் ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல். ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ராடை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணு. முழு 1500 வாட் வந்தால் 80 தடவை சிமிட்டும். காலையில் உனக்கு 60 பக்கம்தான் வரும் என்று நினைக்கிறேன்.

தண்ணீரில் விரல் வைத்துப் பார்ப்பதானால் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான். இதில் விளையாட்டு வேண்டாம்.

வோல்டேஜ் குறைந்தால் பில் கூடும் என்று ஆச்சி சொல்கிறாளாமே. 230 வோல்ட் இருந்தால் அதே வாளி 14, 15 நிமிடத்தில் சுட்டிருக்கும். ராடு மெதுவாக வேலை செய்வதால் நேரம்தான் கூடுகிறது. அந்தக் கூடுதல் நேரத்தில் காற்றுக்குப் போகும் சூடு மட்டுமே செலவில் கூடுதல், அதுவும் சொற்பம். ஆச்சியிடம் இதை நீயே சொல்லிக்கொள், என் பெயரை இழுக்காதே.

மத்தியானம் ஒரு தடவை எண்ணிவிட்டு இரண்டு எண்ணிக்கையையும் எழுது.

அன்புடன்,
மாமா