பலகையைத் தாண்டிய கால்

நாகர்கோவில்

அன்புள்ள மருமகனே,

உன் கடிதம் வந்தது. சென்னையில் நடந்த போட்டியில் மூன்று முறையும் சிவப்புக் கொடி ஏறியதையும், பயிற்சியில் உன்னைவிடக் குறைவாகத் தாண்டுகிற பையன்கள் பதக்கம் வாங்கியதையும் எழுதியிருக்கிறாய். இனி நீளம் தாண்டுதலே வேண்டாம் என்று முடித்திருக்கிறாய். முட்டு வலிப்பதை மட்டும் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறாய். எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஃபவுலை முதலில் பார்ப்போம். நீ ஓடிய வீடியோவை உன் அம்மை போனில் காட்டினாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மூன்று தடவையும் உன் கால், ஊன்றி எழும்ப வேண்டிய பலகையை ஏறக்குறைய ஒரே அளவுதான் தாண்டியிருக்கிறது. இது எத்தனை நல்ல சேதி என்று உனக்குத் தெரியவில்லை மக்களே! ஒரு தடவை எட்டாமலும் ஒரு தடவை தாண்டியும் போயிருந்தால், ஓட்டமே கலைந்துவிட்டது என்று நானும் பயந்திருப்பேன். உன் ஓட்டம் கலையவில்லை. புறப்படுகிற இடம்தான் பிசகியிருக்கிறது.

அந்த இடத்தை நீ நம் அண்ணா ஸ்டேடியத்தில் அளந்து வைத்தாய், அதுவும் ஆடி மாதத்தில். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே காற்று உன் நெஞ்சில் மோதிக்கொண்டிருந்த நாட்கள் அவை. எதிர்க்காற்றில் காலடி குறுகும். காற்று ஓய்ந்த மைதானத்தில் அதே எண்ணிக்கைக் காலடிகள் வைத்தால் கால் பலகைக்கு அப்பால்தான் விழும். பலகையின் அகலம் 20 செ.மீ. மட்டுமே. 2021 நவம்பர் முதல் விதியும் இறுகிவிட்டது. முன்பெல்லாம் பலகைக்கு அப்பால் இருக்கும் களிமண்ணில் தடம் பதிந்தால்தான் ஃபவுல். இப்போது கால் தரையை விட்டு எழும்புவதற்குள் ஷூவின் நுனி பலகை முடியும் கோட்டைத் தாண்டி நீட்டியிருந்தாலே போதும், தாண்டல் கணக்கில் சேராது. போட்டி நடக்கும் ஊரில் இறங்கியதும் காற்றைப் பார்த்து, ஓட்டம் தொடங்கும் செக் மார்க்கை முன்னே பின்னே நகர்த்தக் கற்றுக்கொள். இதற்காக விளையாட்டையே விட்டுவிட்டுப் போகிறவன் உண்டா?

முதலூர் ஜெஸ்வின் ஆல்ட்ரினை உனக்குத் தெரியும். மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன அந்த ஊர் நமக்கு ரொம்பத் தூரம் இல்லை. 2022 ஏப்ரலில் தேஞ்ஞிப்பாலத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் அவர் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பாலக்காட்டு ஸ்ரீசங்கர் 8.36 தாண்டி இரண்டாவதாக வந்தார். ஆனால் தேசிய சாதனை என்று எழுதப்பட்டது ஸ்ரீசங்கரின் 8.36. ஜெஸ்வின் தாண்டியபோது பின்னாலிருந்து வீசிய காற்று விநாடிக்கு 2 மீட்டர் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. தங்கம் உண்டு, சாதனை இல்லை. அந்தப் பிள்ளை அதற்காக உட்கார்ந்துவிடவில்லை. அடுத்த வருஷம் மார்ச் 2ஆம் தேதி, கர்நாடகத்து விஜயநகரில், காற்றின் மேல் யாரும் குறை சொல்ல முடியாதபடி 8.42 தாண்டினார். சாதனை அவர் பெயருக்கு வந்தது.

அதே ஜெஸ்வின் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் நின்றார். முதல் தாண்டல் ஃபவுல். இரண்டாவதும் ஃபவுல். மூன்றாவதில் 7.61. தன் சாதனையைவிட 81 செ.மீ. குறைவு. இரண்டு ஃபவுலுக்குப் பிறகு மூன்றாவதில் எவனுக்கும் பலகை பூதமாகத்தான் தெரியும். அத்தனை பெரிய ஆட்டக்காரருக்கு அத்தனை பெரிய மேடையில் நடந்ததுதான் உனக்கும் நடந்தது. அந்த ஒரு நாளை வைத்து அவருக்குத் தாண்டத் தெரியாது என்று சொல்ல உனக்கு மனம் வருமா? உனக்கு நீயே ஏன் அப்படிச் சொல்லிக்கொள்கிறாய்?

இப்போது முட்டு. ஸ்ரீசங்கர் 2023இல் பாங்காக்கில் 8.37 தாண்டி பாரிஸுக்குத் தகுதி பெற்றுவிட்டார். 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முட்டில் அடிபட்டது. அறுவை சிகிச்சை செய்துகொண்டார், ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. அவசரப்படாமல் காலை ஆற விட்டு, 2025 ஜூலையில் புனேயில் 8.05 தாண்டித் திரும்பினார்.

நார்வேயில் டேனியல் ஆண்ட்ரே தாண்டே என்று ஒருவர். பனிச்சறுக்குத் தாண்டுதல் அவருடைய விளையாட்டு. நமக்குப் பனியே கிடையாது, இருந்தாலும் அவர் கதையை நான் உன்னிடம் சொல்லத்தான் வேண்டும். 2017 ஜனவரியில், நான்கு குன்றுகள் தொடரில் முதலிடத்தில் இருந்தபடி கடைசிப் போட்டிக்கு வந்தார். கடைசித் தாண்டலில் ஷூவைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பூட்டு கழன்றுகொண்டது. தொடர் கைவிட்டுப் போய் மூன்றாவது இடம்தான் கிடைத்தது. அடுத்த வருஷமே பனிச்சறுக்குப் பறத்தலில் உலக சாம்பியன், ஒலிம்பிக்கில் அணித் தங்கம். பிறகு 2021 மார்ச்சில் ஸ்லோவேனியாவின் பிளானிட்சாவில் அந்தரத்தில் நிலைகுலைந்து விழுந்தார். நுரையீரலில் காயம், காறையெலும்பு முறிவு. மருத்துவர்கள் அவரை மருந்தால் மயக்கத்திலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 2022 மார்ச்சில், ஆஸ்லோவில் உலகக் கோப்பைப் போட்டியில் முதலாவதாக வந்தார்.

கழன்ற பூட்டை அவர் ஒரே வருஷத்தில் பின்னுக்குத் தள்ளிவிட்டார். உடைந்த உடம்புக்கோ மருத்துவமனையும் ஓய்வும் பொறுமையும் தேவைப்பட்டன. நீ தலைகீழாகச் செய்கிறாய். ஃபவுலுக்கு அழுகிறாய், முட்டு வலியோடு ஓடுகிறாய்.

ஆகவே நான் சொல்கிறபடி செய். இந்த வாரமே எலும்பு டாக்டரிடம் போ. பணத்துக்கு யோசிக்காதே, நான் அனுப்புகிறேன். வலியைக் கோச்சிடம் மறைக்காதே. மறைத்தால் டீமில் இடம் நிலைக்கும் என்று நினைத்திருப்பாய். அவரும் தாண்டி வந்தவர்தான், புரிந்துகொள்வார். டாக்டர் சரி என்று சொல்லும்வரை பிட்டில் இறங்காதே. வகுப்புகளை விடாதே, செமஸ்டர் பரீட்சைகளை ஒழுங்காக எழுது.

பொங்கல் லீவுக்கு வரும்போது ஸ்பைக்ஸை எடுத்துக்கொண்டு வா. நீளமான டேப் என்னிடம் இருக்கிறது. காலையில் காற்று எழும்புமுன் ஸ்டேடியத்துக்குப் போய் ஒரு அளவும், மதியம் காற்றில் ஒரு அளவும் எடுத்து, இரண்டையும் நோட்டில் குறித்து வைப்போம். டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மைக்கு முதலில் போன் பண்ணிச் சொல், பிறகு எனக்கு.

அன்புடன்,
உன் மாமா