கேள்வி எழுதும்போதே கூப்பிடு

செல்லூர், மதுரை

அன்புள்ள பாப்பா,

உன் ஆராய்ச்சித் திட்டத்தை உன் அம்மா பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். முழுக்கப் படித்தேன். அதற்கு முன்னால் ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் முழித்திருக்கிறாய். நம் வீட்டில் தூக்கம் கெடுவதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. காரணம் உனக்குத் தெரியும், எழுத வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை வைத்து எழுதினால் உதவித்தொகை முடிவதற்குள் பட்டம் வாங்கிவிடலாம் என்கிறார் உன் கைடு. மனநோயோடு வாழ்கிறவர்கள், வீட்டார், டாக்டர், நர்ஸ் எல்லாரையும் உட்கார வைத்துக் கேள்வித்தாளையே சேர்ந்து எழுதினால் இன்னும் ஒரு வருஷம் இழுக்கும். இரண்டும் நேர்மையான வழிதான், முடிவு உன்னுடையது. நான் முப்பது வருஷம் வார்டில் நின்றவள், உன் மாமாவுக்கு அக்கா. எந்தப் பக்கம் பேசுவேன் என்று தெரிந்துதானே என்னைக் கேட்டாய்?

மாமாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! குரல் கேட்கிறதா, யாராவது பின்னால் வருவதாகத் தோன்றுகிறதா, கடைசியாக எப்போது அட்மிட் ஆனீர்கள்? அவனும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொன்னான். உன் அம்மாச்சி வந்தவர்களுக்கெல்லாம் கலர் வாங்கி வைத்தாள். தறியில் உட்கார முடிகிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அப்போது அவனைத் தின்றது மாத்திரையால் வந்த கை நடுக்கம். இழை அறுந்தால் பிணைக்க விரல் நிற்காது. விரல் நிற்காதவனுக்குச் செல்லூரில் யார் பாவு கொடுப்பார்கள்? மாத்திரைகளைப் பந்தல்குடி வாய்க்காலில் கொட்டியது அதனால்தான். அவர்கள் தாளில் அது 'மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று ஒரு டிக்காகப் போய்விட்டது. என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்ல ஒருத்தரும் அந்த வாசப்படியைத் திரும்ப மிதிக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வரிசையில் நீயும் போய் நிற்பாயோ என்றுதான் பயம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கைடு கேட்டால் காஞ்சிபுரத்தில் நடந்த ஆய்வைச் சொல். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு அங்கே அதற்குப் பொறுப்பெடுத்தது. கோவாவிலும் மகாராஷ்டிராவின் சத்தாராவிலும் வேறு குழுக்கள். மனச்சிதைவு உள்ள 282 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கே அனுப்பினார்கள். என்ன உதவி, எப்படிச் செய்வது என்பதை முன்கூட்டியே நோயாளிகளிடமும் வீட்டாரிடமும் பேசித்தான் செப்பனிட்டார்கள். 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பலன் மிதமானதுதான். அதை மிதமானது என்றே எழுதினார்கள், அதனாலேயே எனக்கு மரியாதை. என்ன மாறினால் தேறியதாக நினைப்பீர்கள் என்று தனியாகக் கேட்டபோது, வேலையும் நாலு பேரோடு பழகுவதும் முன்னே வந்தன. மாமாவைக் கேட்டிருந்தால் ஒரு டீச்செலவில் சொல்லியிருப்பான்.

நம்ம ஊரிலேயே டாக்டர் ராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய செல்லமுத்து மனநல அறக்கட்டளை இருக்கிறது. முதலில் அங்கே போய்ப் பேசு.

சட்டமும் உன் பக்கம். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மாநில ஆணையத்தில் நோயை அனுபவித்தவர்கள் சார்பில் 2 பேர், பராமரிக்கிறவர்கள் சார்பில் 2 பேர் உட்கார இடம் வைத்திருக்கிறது. வெறும் பேட்டி என்றாலும், விவரம் புரிந்து மனமொப்பித் தரும் சம்மதம் வேண்டும் என்கிறது 99-ஆம் பிரிவு. மாமா எதற்கும் தலையாட்டுவான், அதைச் சம்மதமென்று எழுதிவிடாதே. அவனைக் கேட்காமல் அவனுக்காக முடிவெடுப்பது நம் வீட்டிலும் நடந்ததுதான். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி மனநோயாளிகள் விடுதியில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் வெந்துபோனார்கள். அந்தச் சித்திரையில் அம்மாச்சி அவனை அங்கே கொண்டுபோய் விட மூட்டை கட்டியதை உன் அம்மா சொல்லியிருப்பாள்.

கூட்டம் போடுகிறதாக இருந்தால் காலையில் வைக்காதே, ராத்திரி மாத்திரையின் மயக்கம் தெளிய நேரமாகும். முதல் கூட்டத்துக்கு டாக்டர் வேண்டாம். தனக்குச் சீட்டு எழுதுகிறவர் முன்னால் யார் குறை சொல்வார்கள்? வீட்டாரையும் தனியாக உட்கார வை. அக்கா பக்கத்தில் இருந்தால் தம்பி வாய் திறப்பானா? டாக்டர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் நர்ஸ்களையும் கூப்பிடு. ஓபி வரிசையில் மாத்திரை வாங்காமலே திரும்புகிறவர் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வந்தவர்களுக்கு அன்றைய தறிக்கூலியாவது கொடு, சமோசாவும் நன்றியும் போதாது. எழுதி முடித்த தாளைக் காட்டிப் பெயருக்கு ஒரு நாற்காலி போடுவதாக இருந்தால், பதிவேட்டு ஆய்வே மேல்.

ரொம்பப் பேசிவிட்டேன், கோபப்படாதே தாயி. நீ பதிவேட்டையே எடுத்தாலும் என் செல்லம்தான், கைடு சொல்வதிலும் நியாயம் இருக்கும். நம் வீட்டின் முதல் டாக்டர் பட்டம், எது எழுதினாலும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், ஹாஸ்டல் சோற்றை விட்டு நல்லதாக வாங்கிச் சாப்பிடு. அம்மாவிடம் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. அயிரை கிடைத்தால் குழம்பு, கிடைக்காவிட்டால் நாட்டுக்கோழி.

உன்
பெரியம்மா